சேலத்திலிருந்து கனெக்டிங் ஃபிளைட்: நிமிடத்தை எண்ணும் முன் டிக்கெட்டை எண்ணுங்கள்

கேள்வி இது: சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கும் அப்பாவுக்கு 68 வயது, அம்மாவுக்கு 63. இருவரும் முதல் தடவையாகச் சிகாகோவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறார்கள். ஒரு வழி, சேலத்திலிருந்து சென்னைக்குத் தனி டிக்கெட்டில் சின்ன விமானம், பிறகு சென்னை–அபுதாபி–சிகாகோ இன்னொரு டிக்கெட். இதில் அபுதாபியில் 1 மணி 35 நிமிடம்தான் இடைவெளி. இன்னொரு வழி, காரில் பெங்களூரு போய் அங்கிருந்து அபுதாபி வழியாகச் சிகாகோ. இதில் இடைவெளி 3 மணி 40 நிமிடம், ஆனால் விலை கூடுதல். எது சரி? 1 மணி 35 நிமிடம் போதுமா?

போதாது. இரண்டாவது வழியை எடுங்கள். சென்னையே வசதி என்றால் சென்னையிலிருந்தே இடைவெளி அதிகமுள்ள விமானத்தைப் பாருங்கள். காரணத்தை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியில் 95 நிமிடத்தைவிடப் பெரிய ஆபத்து வேறொன்று இருக்கிறது: "தனி டிக்கெட்" என்ற அந்த ஒரு சொல்.

முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் அது யார் தலையில் விழும்? இதற்குப் பதில் டிக்கெட்டில்தான் இருக்கிறது, கடிகாரத்தில் இல்லை. பயணம் முழுவதும் ஒரே டிக்கெட்டில் இருந்தால், சேர வேண்டிய ஊர் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது விமான நிறுவனத்தின் பொறுப்பு. நடுவில் இணைப்பு அறுந்தால் அடுத்த விமானத்தில் கூடுதல் கட்டணம் இல்லாமல் இடம் கொடுக்க வேண்டியது அவர்கள். இரண்டு டிக்கெட் என்றால் இரண்டு ஒப்பந்தம். சேலம் விமானம் ஐந்து மணி நேரம் தாமதமானாலும், அபுதாபி விமானக்காரர்களின் கணினியில் நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான். புது டிக்கெட்டை அன்றைய விலைக்கு வாங்க வேண்டியிருக்கும். அமெரிக்காவுக்கு இரண்டு பேருக்குக் கடைசி நிமிட டிக்கெட் என்றால் மிச்சம் பிடித்ததெல்லாம் எங்கே போகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஒரே டிக்கெட்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பலரும் பிஎன்ஆரைப் பார்க்கிறார்கள். அது மட்டும் போதாது. முன்பதிவு இணையதளங்கள் இரண்டு தனித்தனி டிக்கெட்டுகளைத் தங்களுடைய ஒரே புக்கிங் எண்ணின் கீழ் போட்டுக் கொடுப்பதுண்டு. "செல்ஃப் டிரான்ஸ்ஃபர்", அதாவது விமானம் மாறுவது உங்கள் பொறுப்பு, என்று சிறிய எழுத்தில் ஒரு மூலையில் இருக்கும். மறுபக்கம், இரண்டு நிறுவனங்கள் சேர்ந்து ஓட்டும் முறையான ஒரே டிக்கெட்டுக்கு ஆளுக்கொரு பிஎன்ஆர் இருப்பதும் உண்டு. ஆகவே பார்க்க வேண்டியது இ-டிக்கெட் எண். 13 இலக்கம் இருக்கும். முதல் மூன்று இலக்கம் டிக்கெட் வழங்கிய நிறுவனத்தைக் குறிக்கும்: ஏர் இந்தியாவுக்கு 098, எமிரேட்ஸுக்கு 176, எதிஹாட்டுக்கு 607, சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு 618. ஒரு பயணியின் எல்லாக் கட்டத்துக்கும் அதே 13 இலக்கம் இருந்தால் ஒரே ஒப்பந்தம். சேலம்–சென்னைக்கு ஒரு எண், அதற்குப் பிறகு வேறு எண் என்றால் நடுவில் நிற்பது நீங்கள்தான்.

தனி டிக்கெட்டில் இன்னொரு அடி லக்கேஜில் விழும். அமெரிக்க டிக்கெட்டில் ஆளுக்கு 23 கிலோ வீதம் ஒன்றோ இரண்டோ பெட்டி தருவார்கள். உள்நாட்டு டிக்கெட்டில் பொதுவாக 15 கிலோதான். அக்காவுக்கு என்று ஜவ்வரிசி, ஏற்காடு மிளகு, காப்பித்தூள், அரைத்த சாம்பார்ப்பொடி எல்லாம் கட்டி ஆளுக்கு 46 கிலோ கொண்டுவந்தால், காமலாபுரத்தில் இருக்கும் சேலம் விமான நிலையக் கவுண்டரில் ஆளுக்கு 31 கிலோவுக்குக் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். ஒரே டிக்கெட்டாக இருந்தால் வழக்கமாக வெளிநாட்டு அளவே உள்நாட்டுக் கட்டத்துக்கும் பொருந்தும். டிக்கெட்டில் ஒவ்வொரு கட்டத்துக்கும் எதிரே அந்த அளவு அச்சாகியிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது சேலம் கட்டத்துக்கு வருவோம். காமலாபுரத்தில் வந்து போவது பெரும்பாலும் ஏடிஆர் ரகச் சிறிய விமானங்கள். 2018இல், சிறிய ஊர்களுக்கு விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் தொடங்கி, 2021இல் நின்று, 2023 அக்டோபரில் மறுபடி ஆரம்பித்த சேவை இது. நம் ஊருக்கு இது பெரிய வரம், சந்தேகமே இல்லை. ஆனால் வெளிநாட்டு விமானத்துக்கு இணைப்பாக வைக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. சென்னை, பெங்களூரு போன்ற இடங்களில் ஒரு விமானம் ரத்தானால் இரண்டு மணி நேரத்தில் இன்னொன்று இருக்கும். சேலத்தில் ஒரு ஊருக்கு ஒரு நாளைக்கு இத்தனைதான் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். அது போனால் அடுத்தது பெரும்பாலும் மறுநாள்தான். ஆகவே தனி டிக்கெட்டில் சேலம்–சென்னை வைப்பதானால் அதே நாள் இணைப்பு வேண்டாம், முந்தின நாளே போய்ச் சென்னையில் ஓர் இரவு தங்குங்கள்.

ஒரே டிக்கெட்டில் சேலத்திலிருந்தே போட்டிருந்தால் வேறொரு எச்சரிக்கை. "சேலம் ஃபிளைட் லேட்டாம், காரிலேயே சென்னைக்குப் போய் அங்கே ஏறிக்கொள்ளலாம்" என்று சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிடாதீர்கள். முதல் கட்டத்தில் ஏறாத பயணியின் மீதிக் கட்டங்கள் எல்லாமே தானாக ரத்தாகிவிடும், திரும்பி வரும் டிக்கெட்டும் சேர்த்து. சென்னைக் கவுண்டரில் போய் நின்றால் "உங்கள் பெயரே இல்லையே" என்பார்கள். கிளம்புவதற்கு முன் நிறுவனத்தைக் கூப்பிட்டு, சேலம் கட்டத்தை எடுத்துவிட்டுச் சென்னையிலிருந்து டிக்கெட்டை மாற்றி எழுதச் சொல்லுங்கள். மாற்றிய டிக்கெட் மெயிலில் வந்த பிறகு காரை எடுங்கள். விமானம் அவர்களாலேயே ரத்தானால் இதைக் கட்டணம் இல்லாமல் செய்து தருவார்கள். நீங்களாக எடுத்த முடிவென்றால் கட்டணம் கேட்கலாம்.

சாலை வழி. கோவை விமான நிலையம் ஏறக்குறைய 160 கிலோமீட்டர், அவிநாசி சாலையில் நம் பக்கமாகவே இருப்பதால் ஊருக்குள் மாட்டிக்கொள்ளாமல் மூன்று மணி நேரத்துக்குள் சேரலாம். திருச்சி நாமக்கல் வழியாகச் சுமார் 140 கிலோமீட்டர், அதுவும் கிட்டத்தட்ட அதே நேரம். சிங்கப்பூர், ஷார்ஜா, அபுதாபி, கோலாலம்பூர், கொழும்பு என்று போகிறவர்கள் சென்னையை நினைக்கும் முன் இந்த இரண்டையும் பார்ப்பது நல்லது. ஒரு கட்டம் குறைந்தாலே ஓர் ஆபத்து குறைகிறது. சென்னை சுமார் 330 கிலோமீட்டர், ஆத்தூர், உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் வழி. ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு மாலையிலும், பொங்கல், தீபாவளி விடுமுறை முடியும் நாளிலும் செங்கல்பட்டு தாண்டிப் பரனூர் சுங்கச்சாவடியிலிருந்து பெருங்களத்தூர் வரை வண்டி ஊர்ந்துதான் போகும். அந்த நாட்களில் இன்னும் இரண்டு மணி நேரம் சேருங்கள்.

பெங்களூரு வழியில் இரண்டு இடம் உதைக்கும். ஒன்று தொப்பூர் கணவாய். இறக்கத்தில் ஒரு லாரி கவிழ்ந்தால் போதும், மணிக்கணக்கில் போக்குவரத்து நிற்கும். விபத்து அதிகம் நடப்பது பெங்களூரிலிருந்து சேலம் பக்கம் இறங்கும் தடத்தில்தான் என்றாலும், நெரிசல் இரண்டு பக்கமும் வரும். இன்னொன்று ஓசூர் தாண்டி எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து ஹெப்பாள் வரை. விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளி ஊரின் மறுகோடியில் இருக்கிறது, நாம் போய் நுழைவது தெற்குப் பக்கம். காலை எட்டு முதல் பதினொன்று, மாலை ஐந்து முதல் ஒன்பது என்றால், ஓசூரிலிருந்து மாலூர், ஹோஸ்கோட்டை வழியாகச் சுற்றிப் போவது பெரும்பாலும் நிம்மதி. மொத்தம் சுமார் 230 கிலோமீட்டருக்கு ஐந்தரை மணி நேரம் ஒதுக்குங்கள். விமானம் கிளம்ப மூன்று மணி நேரத்துக்கு முன் அங்கே இருக்க வேண்டும் என்பது இதற்கு மேல்.

ரயிலை மறந்துவிடாதீர்கள். ஏற்காடு எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் விடியற்காலை சென்னை சென்ட்ரல், அங்கிருந்து மெட்ரோவில் மாறாமலே விமான நிலையம். விருத்தாசலம் வழியாக எழும்பூர் போகும் ரயில் என்றால் தாம்பரத்திலேயே இறங்கி மின்சார ரயிலில் திரிசூலம் போகலாம், விமான நிலையம் எதிரிலேயே இருக்கிறது. வயதானவர்களுக்கு இரவு முழுக்க காரில் உட்கார்ந்து போவதைவிடப் படுத்துப் போவது எவ்வளவோ மேல்.

ஏற்காட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் முந்தின நாளே அடிவாரத்துக்கு இறங்கிவிடுங்கள். மழையில் கொண்டை ஊசி வளைவுப் பாதையில் பாறை சரிந்தாலோ மரம் விழுந்தாலோ குப்பனூர் பாதையில் சுற்றி வர வேண்டியிருக்கும், இரவில் பனிமூட்டமும் சேர்ந்தால் நேரத்துக்கு உத்தரவாதம் இல்லை.

இனி அந்த 95 நிமிடம் எப்படிக் கரைகிறது என்று பார்க்கலாம். டிக்கெட்டில் இருக்கும் வருகை நேரம், விமானம் கேட்டில் வந்து நிற்கும் நேரம். அங்கிருந்து எண்ணிக்கை ஆரம்பம். கதவு திறந்து முப்பதாவது வரிசைக்காரர் வெளியே வர 15 நிமிடம். விமானத்தைத் தூரத்தில் நிறுத்திப் பேருந்தில் கூட்டிக்கொண்டு போனால் இன்னும் 15. டிரான்சிட் பயணிகளுக்கு மறுபடி செக்யூரிட்டி செக் உண்டு: பெல்ட்டைக் கழற்றி, பையைத் தட்டில் வைத்து, கூட்டத்தைப் பொறுத்து 10 முதல் 30 நிமிடம். கேட் வரை நடை 10 முதல் 20. அடுத்த விமானத்தின் கேட் புறப்பாட்டுக்கு 20, 25 நிமிடம் முன்பே மூடிவிடும். அதாவது 95 நிமிடத்தில் உங்கள் கையில் இருப்பது 70தான். நேரத்துக்கு வந்து சேர்ந்த, நன்றாக நடக்கத் தெரிந்த ஒருவருக்கு இது சரியாகப் போகும். அரை மணி நேரம் தாமதமானால் சரியாகப் போகாது.

அபுதாபியில் அமெரிக்கா போகிறவர்களுக்கு மட்டும் இன்னொரு படி உண்டு. அமெரிக்க இமிகிரேஷனையும் கஸ்டம்ஸையும் அபுதாபியிலேயே முடித்துவிடுகிறார்கள். இந்த வசதி இருக்கும் வெகு சில ஊர்களில் அதுவும் ஒன்று. இதில் பெரிய லாபம் இருக்கிறது: சிகாகோவில் இறங்கும்போது உள்நாட்டுப் பயணி மாதிரி நேரே லக்கேஜை எடுத்துக்கொண்டு வெளியே போகலாம். ஆனால் அந்த வரிசை, மறுபடி ஒரு பாதுகாப்புச் சோதனை, அதிகாரியின் கேள்விகள், கைரேகை எல்லாமே உங்கள் இடைவெளிக்குள் நடக்க வேண்டும். விமானம் கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கும்போதே இதை முடித்திருக்க வேண்டும் என்று கணக்கு வையுங்கள். 95இல் 60 போனால் மிச்சம் 35 நிமிடம். அதற்குள் இறங்கி, நடந்து, சோதனை முடித்து, ஆங்கிலத்தில் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றால், முதல் தடவை போகும் அம்மா அப்பாவுக்கு அது தண்டனை.

அப்படியானால் இந்த 95 நிமிட டிக்கெட்டை ஏன் விற்கிறார்கள்? ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் "மினிமம் கனெக்டிங் டைம்" என்று ஓர் அளவு கணினியில் இருக்கிறது. அதற்குக் குறையாத இணைப்பை மென்பொருள் செல்லும் என்று காட்டும். அது எல்லாம் ஒழுங்காக நடந்தால் போதுமான நேரம், பயணியின் வயதோ முழங்கால் வலியோ அதில் சேராது.

சக்கர நாற்காலி பற்றி அவசியம் சொல்ல வேண்டும். வயதானவர்களுக்கு அதைக் கேட்டுப் பதிவு செய்வது நல்ல யோசனை. வழி தெரியாத குழப்பம் இருக்காது, உதவியாளரே கூட வருவார், பல இடங்களில் வரிசையிலும் முன்னுரிமை கிடைக்கும். குறைந்தது 48 மணி நேரம் முன்பே சொல்லி, எல்லாக் கட்டத்துக்கும் பதிவாகியிருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். ஆனால் சக்கர நாற்காலிப் பயணிகளை விமானத்திலிருந்து கடைசியாகத்தான் இறக்குவார்கள். நாற்காலி வரும் வரை காத்திருப்பும் உண்டு. இதற்கே 20, 30 நிமிடம் போய்விடும். ஆகவே சக்கர நாற்காலி கேட்டால் இடைவெளி மூன்று மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. குறுகிய இணைப்பை நாற்காலி வேகப்படுத்தும் என்று நினைத்துப் போடுகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

இருக்கை எடுப்பதிலும் ஒரு நுணுக்கம். பெரிய ஜெட்டில் முன்பக்க இருக்கை எடுத்தால் சீக்கிரம் இறங்கலாம். ஏடிஆரில் பயணிகள் ஏறி இறங்கும் கதவு பின்பக்கம், முன்பக்கம் இருப்பது சரக்குக் கதவு. ஆகவே சேலம் விமானத்தில் கடைசி வரிசைக்காரர்தான் முதலில் இறங்குவார். அதன் தலைக்குமேல் இருக்கும் அலமாரியும் சிறியது, பெரிய டிராலிப் பையை ஏறும் முன் வாங்கிக் கீழே ஏற்றிவிடுவார்கள். மருந்து, பாஸ்போர்ட், சார்ஜர், பவர் பேங்க் இவற்றைத் தோளில் மாட்டும் சின்னப் பையில் வையுங்கள். பவர் பேங்கைச் செக்-இன் பெட்டியில் போடவே கூடாது.

லக்கேஜ் டேக்கைப் பார்த்துப் படிக்கப் பழகுங்கள், இதற்குப் பத்து வினாடி போதும். பெட்டியின் கைப்பிடியில் சுற்றும் அந்த நீளக் காகிதத்தில் மூன்றெழுத்துக் குறியீடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். பெரிய எழுத்தில் இருப்பது பெட்டி போய்ச் சேரும் ஊர், சிறியவை நடுவில் மாறும் ஊர்கள். சேலத்துக்கு எஸ்எக்ஸ்வி, சென்னைக்கு எம்ஏஏ, பெங்களூருக்கு பிஎல்ஆர், அபுதாபிக்கு ஏயுஎச், சிகாகோ ஓஹேருக்கு ஓஆர்டி. கவுண்டரில் இருப்பவர் டேக்கை ஒட்டியதும் "ஃபைனல் ஓஆர்டி தானே?" என்று கேளுங்கள். பெரிய எழுத்தில் ஏயுஎச் என்றிருந்தால் பெட்டி அபுதாபியோடு நின்றுவிடும். கன்வேயரில் போவதற்கு முன் சொன்னால் ஒரு நிமிடத்தில் மாற்றிவிடலாம், போன பிறகு பெரும்பாடு. போர்டிங் பாஸின் பின்னால் ஒட்டித் தரும் சின்னச் சீட்டில் பத்து இலக்க எண் இருக்கும். வீடு சேரும் வரை அதைப் பத்திரமாக வைத்திருங்கள், போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியில் என்ன வைக்கிறோம் என்பதும் இணைப்பைக் கெடுக்கும். கொப்பரைத் தேங்காய் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக் கூடிய பொருள் என்று விமானத்தில் அனுமதி இல்லை. எக்ஸ்ரேயில் தெரிந்தால் பெட்டியைப் பிரிக்கக் கூப்பிடுவார்கள். கசகசா ஐக்கிய அரபு எமிரேட்ஸிலும் சிங்கப்பூரிலும் தடை செய்யப்பட்டது, மசாலா டப்பாவிலிருந்தும் எடுத்துவிடுங்கள். நெய், ஊறுகாய், எண்ணெய் கைப்பையில் வேண்டாம், 100 மில்லிக்கு மேல் இருந்தால் டிரான்சிட் சோதனையில் குப்பைக்குத்தான். காப்பித்தூள், மஞ்சள்தூளும் செக்-இன் பெட்டியிலேயே போகட்டும். அமெரிக்கா போகும் விமானங்களில் 350 மில்லி அளவுக்கு மேல் தூள் கைப்பையில் இருந்தால் தனியாக நிறுத்திச் சோதிப்பார்கள். அம்மா கனமான வெள்ளிக் கொலுசு போட்டிருந்தால் அதையும் முன்கூட்டியே கழற்றிப் பையில் வைத்துக்கொள்வது நல்லது, ஒவ்வொரு மெட்டல் டிடெக்டரிலும் நிற்க வேண்டாம்.

நம் பக்கத்துப் பெயர்ச் சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரித்து எழுதப்பட்டிருக்கிறதா, குடும்பப்பெயர் இடம் காலியா என்று பாருங்கள். அதில் இருக்கிற மாதிரியே, எழுத்து மாறாமல், எல்லாக் கட்டத்துக்கும் டிக்கெட் இருக்க வேண்டும். ஒரு டிக்கெட்டில் "ஆர் முருகேசன்", இன்னொன்றில் "முருகேசன் ராமசாமி" என்றிருந்தால் இணைப்பு கவுண்டரில் இரண்டையும் ஒரே ஆள் என்று காட்ட மல்லுக்கட்ட வேண்டும்.

வேறு வழிகளைப் பார்க்கிறவர்களுக்குச் சில வார்த்தை. துபாயில் ஃபிளைதுபாயிலிருந்து எமிரேட்ஸுக்கு மாறுகிறீர்கள் என்றால், டெர்மினல் 2 ஓடுதளத்தின் மறுபுறம் இருப்பதால் பேருந்துப் பயணம் சேரலாம். கோலாலம்பூரில் ஏர் ஏசியா டெர்மினல் 2, மற்றவை பெரும்பாலும் டெர்மினல் 1, நடுவில் ரயில். தனி டிக்கெட்டில் டெர்மினல் மாறுவதென்றால் நாட்டுக்குள் நுழைய வேண்டியிருக்கும், அதற்கான விசா விதியையும் பாருங்கள். லண்டன் வழியாகப் போனால் விமான நிலையத்துக்குள்ளேயே மாறுவதற்கும் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு டிரான்சிட் விசா தேவை. அமெரிக்க விசா போன்ற சில விசாக்கள் கையில் இருந்தால் விலக்கு உண்டு. அபுதாபியில் இருப்பது போன்ற அமெரிக்க இமிகிரேஷன் வசதி இல்லாத வேறு ஊர் வழியாக அமெரிக்கா போய், அங்கே இன்னொரு விமானம் மாற வேண்டுமானால், முதலில் இறங்கும் அமெரிக்க ஊரிலேயே பெட்டிகளை எடுத்து, கஸ்டம்ஸ் தாண்டி, மறுபடி கொடுக்க வேண்டும். அங்கே மூன்று மணி நேரம் வையுங்கள்.

டிக்கெட் எடுத்ததோடு வேலை முடியவில்லை. மார்ச் கடைசியிலும் அக்டோபர் கடைசியிலும் விமான அட்டவணைகள் மாறும். முன்பதிவு செய்தபோது மூன்று மணி நேரமாக இருந்த இடைவெளி ஒரே மெயிலில் ஒரு மணி நேரமாகச் சுருங்கிவிடலாம். மாதத்துக்கு ஒரு முறையும், கிளம்பும் வாரத்தில் ஒரு முறையும் நிறுவனத்தின் தளத்தில் பிஎன்ஆரைப் போட்டுப் பாருங்கள். நேரத்தை அவர்களே மாற்றியிருந்தால், "இந்த இணைப்பு எங்களுக்குப் போதாது, வேறு விமானம் கொடுங்கள்" என்று கேட்கலாம். ஒரே டிக்கெட்டாக இருந்தால் பெரும்பாலும் கட்டணமின்றி மாற்றித் தருவார்கள். முன்பதிவு இணையதளம் அனுப்பும் என்று நம்பி இருக்காதீர்கள், உங்கள் போன் எண்ணையும் மெயிலையும் நிறுவனத்திடமே நேரடியாகப் பதிந்துவிடுங்கள்.

வானிலைக்கு வருவோம். நவம்பர், டிசம்பரில் சென்னை. 2023 டிசம்பர் 4 அன்று மிச்சாங் புயலில் விமான நிலையமே மூடப்பட்டது, 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சலிலும் அப்படியே. போகி அன்று விடியற்காலையில் சென்னையில் புகையும் பனியும் சேர்ந்து ஓடுதளம் தெரியாமல் போவதுண்டு, அன்று காலை இணைப்பு வேண்டவே வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் தேவனஹள்ளியில் அதிகாலைப் பனிமூட்டம் வழக்கம். உங்கள் பயணம் அந்த மாதங்களில் என்றால் பகல் அல்லது முன்னிரவு விமானம் பாருங்கள்.

இவ்வளவு செய்தும் தாமதமானால்? முதல் விமானத்திலேயே பணிப்பெண்ணிடம் "எங்களுக்கு இத்தனை மணிக்கு இணைப்பு" என்று போர்டிங் பாஸைக் காட்டுங்கள். முன்னால் இறக்கிவிடவோ, தரையில் ஆளை நிறுத்தவோ அவர்களால் முடியும். இறங்கியதும் ஓடி வரிசையில் நிற்பது ஒருவர் வேலை. அதே நேரம் சேலத்தில் இருக்கும் நீங்களோ சிகாகோ அக்காவோ நிறுவனத்தின் போன் எண்ணுக்குக் கூப்பிடுங்கள், செயலியிலும் பாருங்கள். டிரான்ஸ்ஃபர் கவுண்டரில் நூறு பேர் நிற்கும்போது, கடைசி இரண்டு இருக்கை போனில் பேசியவருக்கே கிடைத்துவிடும். "வேறு நிறுவன விமானத்தில் போட முடியுமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள், கேட்காமல் சொல்ல மாட்டார்கள். சாப்பாட்டுக் கூப்பன், தங்குமிடம், பெட்டி எங்கே இருக்கிறது என்ற மூன்றையும் அங்கேயே கேட்டு முடியுங்கள். தாமதத்துக்கான காரணத்தை எழுத்தில் வாங்குங்கள், காப்பீட்டுக்கு அது வேண்டும். காப்பீடு எடுக்கும்போதே, இணைப்பு தவறுவது அதில் சேருமா, தனி டிக்கெட்டுக்கும் செல்லுமா, எத்தனை மணி நேரத் தாமதத்துக்குப் பிறகு என்று படித்துப் பாருங்கள்.

இந்தியாவில் விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏவின் விதி என்ன சொல்கிறது என்றால், இரண்டரை மணி நேரம் வரை பறக்கும் விமானம் 2 மணி நேரம் தாமதமானால் சாப்பாடு, சிற்றுண்டி தர வேண்டும். ஆறு மணி நேரத்துக்கு மேல் என்றால் மாற்று விமானமோ முழுப் பணமோ, தேர்வு உங்களுடையது. 24 மணி நேரத்துக்கு மேல், அல்லது இரவு 8 முதல் அதிகாலை 3 வரை கிளம்ப வேண்டிய விமானம் ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் தங்குமிடமும் உண்டு. உரிய நேரத்தில் அறிவிக்காமல் ரத்து செய்தாலோ, அதனால் ஒரே டிக்கெட்டில் இருக்கும் இணைப்பு தவறினாலோ, பறக்கும் நேரத்தைப் பொறுத்து 5,000, 7,500, 10,000 ரூபாய் அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இதில் எது குறைவோ அது இழப்பீடு. புயல், மூடுபனி போன்ற காரணங்களுக்கு இழப்பீடு கிடையாது. கவுண்டரில் மறுத்தால் அரசின் ஏர்சேவா தளத்தில் புகாரைப் பதியலாம்.

பெட்டி வராவிட்டால், பெல்ட் நின்றதும் அங்கிருக்கும் லக்கேஜ் கவுண்டரில் புகார்ச் சீட்டு எழுதி வாங்காமல் வெளியே வராதீர்கள். சேதம் என்றால் 7 நாளுக்குள், தாமதமாக வந்து சேர்ந்தால் வந்ததிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும். மாற்றுடையும் மூன்று நாள் மருந்தும் கைப்பையில் இருந்தால் அந்தக் காத்திருப்பு பெரிய கஷ்டமாக இருக்காது.

திரும்பி வரும்போது கணக்கு வேறு. வெளிநாட்டிலிருந்து வந்து சென்னையிலிருந்து சேலத்துக்கு விமானம் மாறுகிறீர்கள் என்றால், சென்னையில் இமிகிரேஷன், பெட்டி எடுப்பு, கஸ்டம்ஸ் எல்லாம் முடித்து, டெர்மினல் 2இலிருந்து வெளியே வந்து, உள்நாட்டு டெர்மினலுக்கு நடந்து, மறுபடி பெட்டியைக் கொடுத்து, செக்யூரிட்டி தாண்ட வேண்டும். உள்நாட்டுக் கவுண்டர் 60 நிமிடம் முன்பே மூடிவிடும். ஒரே டிக்கெட்டிலும் குறைந்தது மூன்றரை மணி நேரம், தனி டிக்கெட்டில் ஐந்து. பெங்களூரில் வெளிநாட்டு வருகை டெர்மினல் 2, இண்டிகோவின் உள்நாட்டுச் சேவை டெர்மினல் 1, நடுவில் இலவசப் பேருந்து. அப்பா அம்மா இருவருக்கும் ஃபாஸ்ட் டிராக் இமிகிரேஷன் பதிவை முன்கூட்டியே செய்துவிட்டால் சென்னையிலும் பெங்களூரிலும் அந்த வரிசை மிச்சம்.

அமெரிக்காவிலிருந்து ஒரு நாள் முழுக்கப் பறந்து வந்தவர்களை விடியற்காலை மூன்று மணிக்கு ஏற்றிக்கொண்டு காரை நேரே சேலத்துக்கு விரட்டச் சொல்லாதீர்கள். டிரைவரும் அன்று இரவு தூங்கியிருக்க மாட்டார், உளுந்தூர்பேட்டைக்கும் ஆத்தூருக்கும் நடுவே விடியும் நேரத்தில்தான் கண் செருகும். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்து, குளித்து, நாலு மணி நேரம் படுத்துவிட்டு, பகலில் ரயிலிலோ காரிலோ கிளம்பட்டும்.